சுவிட்சு அடைத்திருந்தது

கோலா சிலாங்கூர்,
10.1.1988

அன்பு மருமகள் சந்திரிகாவுக்கு மாமா நல்லசாமி எழுதுவது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தெலுக் இந்தானில் உன் அப்பா வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு, இப்போது பால் குடிக்கிறாள் என்று எழுதியிருந்ததை உன் அத்தைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் அது பொய். அத்தைக்குக் கால் வீக்கம் குறையவில்லை. தனபாலனின் மோட்டார் சைக்கிளை விலைக்குக் கேட்டு ஒருவன் வந்தான். அத்தை கதவைக்கூடத் திறக்கவில்லை.

நீ கடிதத்தோடு வைத்து அனுப்பிய பேப்பரைப் பார்த்தேன். நீ கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே, சாட்சியாக நான் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாய். நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.

நான் மலாய்ப் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் சாமான் கட்டி வந்த மலாய்ப் பத்திரிகைத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டவன். ஆனாலும் அந்தப் பேப்பரில் ‘சுவாய்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்துப் பம்பு வீட்டில் நான் வேலை பார்த்தபோது என்மேலும் அதை எழுதினார்கள். கவனமில்லாதவன், அலட்சியக்காரன் என்று அர்த்தம். தனபாலன் தன் அலட்சியத்தால் செத்தான் என்று அவன் பெண்டாட்டியும் அப்பனும் ஒப்புக்கொள்ளும் பேப்பர் அது. ஒப்புக்கொண்டால்தான் பணம் கிடைக்குமாம். அவன் வேலை செய்த கிள்ளான் கம்ப்யூட்டர் கடை முதலாளி, அந்தத் தவுக்கே, நல்ல மனிதர்தான். சாவு வீட்டுக்கு வந்து வெயிலில் நின்றார். ஆனால் தனபாலன் கம்ப்யூட்டர் பார்க்கப் போய்ச் செத்த அந்தத் தோட்டத்து வேலை அவர் கடைக்குத் தொடர்ந்து வேண்டும். தோட்டத்துக்கோ தன்மேல் குற்றம் வரக்கூடாது. நடுவில் பேச முடியாதவன் ஒருவன்தான் இருக்கிறான். குற்றத்தை அவன்மேல் வைத்துவிட்டார்கள்.

அது நடந்த அன்று காலையில் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டாய். பசியாறும்போது அவன் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

அந்தத் தோட்ட ஆபீசில் சம்பளக் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு உள்ளே டிஸ்க்கு என்று ஒன்று சுற்றுமாம். நம் பழைய கிராமபோன் தட்டு மாதிரிதான், ஆனால் பெட்டிக்குள் மூடி வைத்திருப்பார்களாம். கரண்டு ஒரே சீராக வந்தால்தான் அது சீராகச் சுற்றும். அங்கே அது உறுமிக்கொண்டு வேகம் எடுக்கும், பாதியில் ‘டக்’ என்று விழும், மறுபடி முதலிலிருந்து உறுமும். கேட்டவர்கள் எல்லாம் டிஸ்க்கு செத்துப்போச்சு என்றார்கள். தனபாலனும் முதலில் அப்படித்தான் நினைத்து, பழையதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் புதுசு போட்டான். சில வாரத்தில் புதுசும் அதே சத்தம் போட்டது. அப்புறம் மிஷினுக்குள் கரண்டு பிரித்துக் கொடுக்கும் பெட்டியை மாற்றினான். அதற்கும் கேட்கவில்லை.

தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: “ஒரே வீட்டில ரெண்டு பிள்ளைக்கும் ஒரே வயித்துவலின்னா, பிள்ளைய அடிச்சு என்னாப்பா செய்றது? சோத்துப் பானையத் திறந்து பாக்கணும். நோவு மிஷினுக்குள்ள இல்ல, வெளிய இருக்கு.”

உன் அத்தை, என் தோசையில் நோவு இல்லையே என்றாள். சிரித்துக்கொண்டே மோட்டாரை எடுத்தான்.

வெளியே என்று அவன் சொன்னது, மேசைக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியை. ஸ்டெபிலைசர் என்பார்கள். கரண்டு ஏறி இறங்கினால் அதைச் சமப்படுத்தத் தோட்டங்களில் வைப்பது. அதன் பிளக்கு எப்போதோ கருகிப்போய், யாரோ வயரை நேராகச் சுவர் சுவிட்சில் முடுக்கிவிட்டிருந்தார்கள். பிடுங்கி எடுக்கப் பிளக்கே கிடையாது. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று தனபாலன் கேட்டிருக்கிறான். மறுநாள் சம்பளம், இங்கேயே பார் என்று மானேஜர் சொல்லியிருக்கிறார். அவன் சுவர் சுவிட்சை அடைத்தான். கம்ப்யூட்டர் காத்தாடி நின்றது, ஸ்டெபிலைசர் விளக்கும் அணைந்தது. அணைந்ததை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இராமையா கண்ணால் பார்த்தார். அதன் பிறகுதான் அவன் பெட்டியைத் திறந்து கை வைத்தான்.

காரியம் எல்லாம் முடிந்து, அவன் பையையும் ஸ்குரூடிரைவர்களையும் வாங்கிவர அந்த ஆபீசுக்குப் போனேன். என் சட்டைப்பையில் டெஸ்டர் பேனா இருந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கரண்டு தெரியும். சுவிட்சை அடைத்துவிட்டுப் பெட்டியின் வயரில் பேனாவை வைத்தேன். எரிந்தது. அடைத்த சுவிட்சில் எரிந்தது, சந்திரிகா. ஒரு கம்பியில் கரண்டு வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். சுவிட்சு வரும் கம்பியில் இருக்க வேண்டும். சுவர் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன், அங்கே திரும்பும் கம்பியில் வைத்திருக்கிறார்கள். அடைத்தால் எல்லாம் நிற்கும், அணையும். ஆனால் கரண்டு பெட்டிக்குள் வந்து காத்துக்கொண்டு நிற்கும். அதே சுவிட்சில் கம்பியின் முறுக்கும் தளர்ந்து ஆடியது. டிஸ்க்குகளைக் கெடுத்ததும் அதுதான். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். இன்னும் ஒரு முழம் இருந்தது.

பேனா எரிந்ததை இராமையாவும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மானேஜர் வருவதற்குள் மூடிவிடச் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது சுவிட்சு, வயர் எல்லாம் புதுசாக இருந்தன. பழையது எங்கே என்று கேட்டேன். குப்பையில் என்றார்கள்.

டெஸ்டர் வைத்துப் பார்க்காதது உங்கள் மகன் தப்புதானே என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். வீட்டில் பல்பு மாற்றும்போது சுவிட்சை அடைப்பதற்கு மேல் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று நானும் கேட்டேன். “பக்சிக், பெரியவரே, வீட்டுக்குப் போங்கலா” என்று ஒருவர் கதவைக் காட்டினார். நான் அடிக்கடி போவதால், உங்களுக்கு அங்கேயே ஒரு நாற்காலி போட்டுவைக்கச் சொல்லுங்கள் என்கிறாள் உன் அத்தை. உண்மையைச் சொன்னால், ஏன்டா தம்பி பேனா வைத்துப் பார்க்கவில்லை என்ற கேள்வி சில நேரம் எனக்கும் வருகிறது. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்காக அவன் அலட்சியக்காரன் ஆகிவிட மாட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராமையா வீட்டுக்குப் போகப்போகிறேன். பார்த்ததை அவர் எழுதிக் கொடுத்தால் போதும், அந்தச் சொல்லை அடிக்க வைத்துவிடலாம். அதுவரை பொறு அம்மா. உன் அண்ணன்மார் அவசரப்படுத்தினால், மாமா பிடிவாதக்காரர், அவரிடமே கேளுங்கள் என்று என்மேல் போடு. குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவாதே, அவளுக்குத் தோல் சிவக்கும்.

உன் நலம் நாடும்
மாமா
நல்லசாமி


கோலா சிலாங்கூர்,
19.2.1989

அன்பு மருமகள் சந்திரிகாவுக்கு மாமா எழுதுவது.

இப்படித்தான் உன்னை அழைப்பேன். வேறு விதமாக அழைக்க எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் நான் எழுதிய கடிதமும், கையெழுத்துப் போட்டுவிட்டேன், பெரிய அண்ணன் சாட்சி போட்டார் என்று நீ எழுதிய கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. அதன் பிறகு நீ எழுதியதற்கு எல்லாம் நான் பதில் எழுதவில்லை. தபால்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோபம். குழந்தையின் போட்டோ அனுப்பியிருந்தாய். அதை அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு வரன் வந்திருக்கிறது, உன் சம்மதத்தைக் கேட்கிறார்கள் என்ற கடிதம் வந்ததும் உன் அத்தை என்முன் வந்து நின்றாள். என்றைக்கும் என்னை எதிர்த்துப் பேசாதவள். “செத்தவனுக்காக ஊரெல்லாம் போய்ச் சண்ட போடுறீங்க. இருக்கிறவளுக்கு ரெண்டு வரி எழுத ஒங்களுக்குக் கை வரல” என்றாள். எழுதும்வரை கோப்பி கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இராமையா விஷயம். நான் சொன்னபடி அப்போதே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிஸ்கட்டும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அண்ணே, நான் பாத்தேன். இல்லன்னு சொல்லல. எழுதிக் குடுக்க மட்டும் சொல்லாதீங்க. இந்த வீடு ஆபீசு குடுத்த வீடு” என்றார். நான் கெஞ்சவில்லை. பிஸ்கட்டையும் தொடவில்லை.

சென்ற மாதம் கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் அவரே என்னைத் தேடி வந்தார். மீன் வாங்குவது போல் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு செய்தி சொன்னார். வயர் மாற்றியதிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள்கூட நின்றதில்லையாம். செத்துப்போச்சு என்று தனபாலன் முதலில் கழற்றி வைத்தானே, அந்த டிஸ்க்கை யாரோ அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் நன்றாகச் சுற்றுகிறதாம். இப்போது அதில்தான் சம்பளக் கணக்குப் போடுகிறார்களாம். “தம்பி சொன்னதுதான் சரி அண்ணே” என்று சொல்லிவிட்டு மீன் வாங்காமலே போய்விட்டார்.

நான் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். என் பஸ் வந்தது. எழுந்திருக்கவில்லை. அது போய் அடுத்தது வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அந்த மிஷின் நன்றாக ஓடுகிறது என்பதை அவள் தாங்கமாட்டாள்.

தொழிலாளர் இலாகாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மனைவியே ஒப்புக்கொண்ட பிறகு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார்கள். அடுத்த மாதமும் போவேன். கிள்ளானுக்குப் பஸ் இருக்கிறது, எனக்கும் வேறு வேலை இல்லை. நீ கையெழுத்துப் போட்டது சரி என்று நான் சொல்லமாட்டேன். அது என்னால் முடியாது. ஆனால் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, அண்ணன்மார் சுற்றி நிற்க, நீ எப்படி உட்கார்ந்து போட்டிருப்பாய் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல். பையன் பள்ளிக்கூட வாத்தியார், குழந்தையைத் தன் பிள்ளையாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. நீ சின்னப் பெண், வாழ வேண்டியவள். எங்களை அழைத்தால் வருவோம். மாப்பிள்ளை வீட்டார் யார் என்று கேட்டால், பெண்ணுக்குப் பெரியப்பா பெரியம்மா என்று சொல்லிவிடு. பெண் வீட்டுப் பக்கம் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறோம். அத்தை உன் புடவைகளை மடித்து வைத்திருக்கிறாள். அதில் பச்சைப் புடவையை மட்டும் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கச் சொன்னாள்.

என் தரப்பில் கேட்பது ஒன்றுதான். புது இடத்தில் உன் முதல் புருஷன் எப்படிச் செத்தான் என்று கேட்பார்கள். மாமியார் கேட்பாள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அந்தப் பேப்பரில் இருப்பதைச் சொல்லாதே. பேப்பர் பெட்டியில் கிடக்கட்டும். நீ உன் வாயால், அவர் சுவிட்சை அடைத்துவிட்டுத்தான் கை வைத்தார் என்று சொல். ஏன் செத்தார் என்று அதற்கு மேலும் கேட்டால், எனக்குத் தெரியாது, மாமாவிடம் கேளுங்கள் என்று என் விலாசத்தைக் கொடு. எத்தனை பேர் கேட்டாலும் நான் பதில் எழுதுகிறேன்.

நீ நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். குழந்தைக்கு எங்கள் முத்தம்.

என்றும் உன்
மாமா
நல்லசாமி