எட்டு பதினேழுக்கு வடக்கே பார்த்துப் படி இறங்கு

இரேஷா,

விகாரைக்குப் பூ வைக்கப் போகிறேன். அங்கிருந்து நேராகப் பேராதனைத் தாவரவியல் தோட்டத்து வாசலுக்கு வந்துவிடுவேன். பாயை எடுத்துக்கொண்டேன். வாழையிலைச் சோற்றுப் பொதிகள் அடுப்படி மேசையில் இருக்கின்றன, நீ கொண்டு வா. சாய்க்காதே, குழம்பு கசியும். நல்ல நேரம் எட்டு பதினேழு. வடக்கே பார்த்துப் படி இறங்கு. சாவியை ரோஜாத் தொட்டிக்கடியில் வை.

"நான் என்ன பூச்செடியா, தோட்டத்துல நிறுத்திப் பொண்ணு பாக்குறதுக்கு?" என்று நேற்றுக் கத்தினாய். பையன் வீட்டாரை இங்கே வரவழைத்து, சரிவராமல் போனால் ஊரே பேசும். தோட்டத்தில் என்றால் தற்செயலாகப் பார்த்துக்கொண்டதாகப் போய்விடும். அதற்குத்தான் இந்தப் பாடு. கதவை அடித்துச் சாத்தினது போதும்.

பையனின் அம்மா கேட்டால், சமைத்தது நீதான்.

நீ வராவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் உன்னோடு பேச்சே கிடையாது.

அம்மா

இன்னொன்று. உன் அப்பாவையும் எனக்கு அங்கேதான் காட்டினார்கள், ஆர்க்கிட் கூடத்து வாசலில். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அவருடைய செருப்பை மட்டும்தான் பார்த்தேன். நீ முகத்தைப் பார். பிடிக்காவிட்டால் உன் பொதியைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொள். நான் பாயைச் சுருட்டிவிடுகிறேன்.