பதினேழு நாக்குப் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வலது கையில் கட்டைவிரல் சரி. ஆள்காட்டி விரல் சரி. நடுவிரலும் பரவாயில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டையில் பட்டதும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. அரை மணி நேரம் மாறி மாறி முயன்றேன். பிறகு அதே வலது கையால் வெங்காயம் நறுக்கினேன், தலை பின்னினேன், இறுகிப்போன பாட்டில் மூடியைத் திறந்தேன். எல்லாம் செய்கிறது கழுதை. வாசி என்றால் மட்டும் மாட்டேன் என்கிறது.

"விரல்ல ஒரு கோளாறும் இல்லம்மா. வருஷக்கணக்கா ஒரே வேலையச் செஞ்சு செஞ்சு, மூளை அந்த ரெண்டு விரலையும் ஒண்ணுன்னு நெனச்சிருச்சு" என்கிறார் டாக்டர். எப்போது சரியாகும்? சிலருக்கு ஆகுமாம், சிலருக்கு ஆகாதாம். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு? வாசலில் நிற்கும் வாட்ச்மேனே சொல்வாரே.

மார்ச் 5, வியாழன்

மாஸ்டர் போன் செய்தார். அவர் இசைக்குழுவில் பதினெட்டு வருடமாகக் கீபோர்டு நான்தான். மூன்று மாதமாக என் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏப்ரல் இருபத்தஞ்சு பெரிய அரங்கம்மா. அந்த மாசம் பன்னெண்டாம் தேதிக்குள்ள வாசிப்பியா மாட்டியான்னு உன் வாயால சொல்லிடு. நானா முடிவெடுக்க எனக்கு மனசு வரல."

வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ. மூளையை முந்திக்கொண்டு வாய் சொல்லிவிட்டது. அதுவாவது வேகமாக வேலை செய்கிறதே.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அலமாரியில் கலிம்பா என்கிற ஆப்பிரிக்க வாத்தியம் கிடந்தது. யாரோ நோயாளி அன்பளிப்பாகக் கொடுத்ததாம். சாப்பாட்டு டப்பா அளவுக்கு மரப்பெட்டி, மேலே பதினேழு எஃகு நாக்குகள், ஒன்று நீளம் ஒன்று குட்டை. சும்மா எடுத்துத் தட்டினேன். எடுத்தவள் வைக்கவில்லை.

"ஏய் ராங்கி, டீ ஆறிப் போய் ஆடை கட்டிருச்சு."

"அண்ணி, இதுக்குக் கட்டைவிரல் ரெண்டு போதும்."

"போதும். அதுக்கு?"

"எனக்கு அது ரெண்டும் நல்லா இருக்கே."

அந்த இரண்டு சோம்பேறி விரல்களும் பெட்டிக்கு அடியில் சமத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தன! சுருண்டால்தான் பிடிக்கவே முடியும். சுருளட்டும். நன்றாகச் சுருளட்டும்.

ஆனால் இதன் சத்தம் மேஜை தாண்டாது. டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவில் வைத்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். தட்டிய சுரம் அடுத்த நொடி செத்துப்போகிறது, பாடுகிறவருக்கு அடியில் நீட்டிப் பிடிக்க வழியில்லை. சத்தமும் நீளமும் என் பழைய சிந்தசைசரிடம் இருக்கின்றன. அதில் இல்லாதது இந்த மரத்தின் ஈரமான குரல். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டால்?

அண்ணிக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. காது மெஷின்களைப் பழுது பார்க்கிறார். அரிசி அளவு மைக்குக்கு இடுக்கியால் பிடித்து ஈயம் வைக்கிற கை அது. சொன்னேன். கலிம்பாவை வாங்கி அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "ஒவ்வொரு நாக்குக்கும் அடியில தனித்தனியா மைக் ஒட்டணும். ஞாயித்துக்கிழமை நிலையம் காலியாத்தான் இருக்கும்" என்றார்.

அண்ணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உன் ஒரு நாக்கையே எங்களால சமாளிக்க முடியல. இனிமே பதினேழா?" என்றான்.

மார்ச் 11, புதன்

பழைய சிந்தசைசரைப் பிரித்தேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைதான் வேண்டும். கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அறுபத்தொன்று. அழவில்லை. சரி, கொஞ்சம்.

மார்ச் 15, ஞாயிறு

காது சோதிக்கும் அறையில் முழு நாளும். நான்கு சுவரிலும் பஞ்சுத் தட்டி, கனத்த கதவு. மூடினால் நம் வயிறு பேசுவது கேட்கும். அண்ணிக்கு அது கோயில், சின்ன இரைச்சல்கூடத் தப்பாது. பதினேழு மைக்கில் பன்னிரண்டு ஒட்டியாயிற்று.

சனியன் மாதிரி ஒரு தொல்லை: எந்த நாக்கில் விரல் பட்டாலும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கரண்ட் இரைச்சல் நம் உடம்பு வழியாக ஏறுகிறதாம். "இத ஒழிக்காம விட மாட்டேன்" என்றார் அண்ணி. கண்ணில் கொலைவெறி. நாத்தனார் மேல்கூட அவருக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

மார்ச் 22, ஞாயிறு

முனகல் ஒழிந்தது. பதினேழும் பேசுகின்றன. ஒரு திருகு வைத்திருக்கிறோம், இடது பக்கம் திருப்பினால் மரம் மட்டும், வலது பக்கம் முழுக்க சிந்தசைசர். நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாக ஓரிடம் இருக்கிறது. அங்கே வைத்துத் தட்டினால் முதலில் எஃகின் சத்தம் 'டிங்' என்று வருகிறது, அது தேய்வதற்குள் அடியிலிருந்து இன்னொரு குரல் எழுந்து சுரத்தை வாங்கிக்கொண்டு போகிறது. எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்கியது என்று எனக்கே பிடிபடவில்லை. அண்ணி கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 29, ஞாயிறு

தினமும் மூன்று மணி நேரம். கட்டைவிரல் நகத்தை வளர்க்கிறேன். இடது நகம் பிளந்துவிட்டது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமை ரிகர்சலுக்கு வருகிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லியாயிற்று. எதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. நேரில் பார்க்கட்டும்.

ஏப்ரல் 4, சனி

எழுதவே கை வரல. ஆனா எழுதியே ஆகணும்.

பெட்டியோட போனேன். எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. தனியா நாலு வரி வாசிச்சேன், டிரம்ஸ்காரத் தம்பி விசிலடிச்சான். மாஸ்டர் புருவத்தத் தூக்கினார், அவர் தூக்கினா நல்லதுன்னு அர்த்தம். சரி, பாட்டுக்குப் போலாம்னார். ஒன், டூ, த்ரீ —

தம்பி காலால பெரிய டிரம்ம ஒரு மிதி மிதிச்சான். என் பெட்டி "ஞேஏஏ"ன்னு கத்துச்சு. நான் தொடவே இல்ல. அடுத்த மிதி, அடுத்த கத்தல். பதினேழு நாக்கும் ஒண்ணா. கையால பொத்தினேன், அதுக்கும் கத்துச்சு. "அக்கா, நான் அடிக்க அடிக்க உங்க பெட்டி அழுவுதுக்கா!" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பத்தான் இப்ப மன்னிக்க முடியல.

என் நாற்காலியில இருக்கறவர் எழுந்து வந்து என் ஆம்ப்ளிஃபயர நிறுத்தினார். ஐம்பது வயசிருக்கும், தடிமனான கண்ணாடி. நல்ல மனுஷன். அதான் பிரச்சினையே, திட்டக்கூட வழியில்ல.

ஏன் நடந்தது? மூணு வாரம் ஊசி விழுந்தால் கேட்கிற அறையில் உட்கார்ந்து கட்டியிருக்கிறோம். மேடையில் தரையே அதிரும் என்பது பதினெட்டு வருடம் மேடையில் இருந்த எனக்குத் தோன்றவில்லையா? அண்ணியைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அம்மா வேலையே நிசப்தத்தில்தான். நான்? எனக்கு எங்கே போயிற்று புத்தி?

ஏப்ரல் 5, ஞாயிறு

நிலையத்துக்குப் போகவில்லை. அண்ணி நான்கு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணி நேரில் வந்துவிட்டார். வேலைக்குப் போகிற வழியில், செருப்பைக்கூடக் கழற்றாமல். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"முழுக்க நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு என்னத்துக்கு? எந்திரி."

"மைக்கோட கூர்மையக் குறைச்சா டிரம் கேக்காது அண்ணி. ஆனா என் விரலும் கேக்காது. எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்துட்டேன்."

"காது மெஷின் வாங்கினவங்க எல்லாரும் மொத நாள் இதையேதான் சொல்றாங்க. பஸ் சத்தம், மிக்ஸி சத்தம், எல்லாம் ஒண்ணா வந்து விழுது, பேசறவங்க குரல் மட்டும் தெரியலைன்னு. சத்தத்தக் குறைச்சா தீராது. எது நமக்கு வேணும்னு மெஷினுக்குத் தெரியணும்."

அது சரி. எது என் விரல், எது டிரம் அதிர்வு என்று ஒரு பெட்டிக்கு எப்படித் தெரியும்? நாக்குக்கு இரண்டும் ஒரே ஆட்டம்தானே.

ஏப்ரல் 7, செவ்வாய்

தெரியும்! பெட்டிக்குத் தெரியும்!

அந்த முனகல். விரல் பட்டால் மட்டும் வந்ததே, டிரம்முக்கு வராதே! அண்ணி இரண்டு ஞாயிறு மல்லுக்கட்டி ஒழித்தாரே, அதுதான் அடையாளம். முனகல் வந்த நாக்குக்கு மட்டும் சிந்தசைசர் கதவைத் திறக்கட்டும். தொடாமல் அதிர்ந்தால் கதவு மூடியே இருக்கட்டும். காய்கறிக் கடையில் நிற்கும்போது தோன்றியது. பையை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

போனில் சொன்னதும் அண்ணி கத்தினார்: "அடிப்பாவி. நான் அத எவ்வளவு கஷ்டப்பட்டுத் தொரத்தினேன்!"

ஏப்ரல் 10, வெள்ளி

சொல்வது சுலபம். நாக்குகள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுக்கியிருந்தன. ஒன்றைத் தொட்டால் பதினேழையும் தொட்ட மாதிரி. அனைத்தையும் கழற்றி, சட்டத்தை மரத்தில் மாற்றி, ஒன்றோடொன்று படாமல் திரும்ப வைத்தோம். நடுவே ரப்பர் வைத்தால் குரல் மழுங்கிப்போனது. துணி வைத்தால் அதைவிட மோசம். கடைசியில் அண்ணியின் காலாவதியான ஆபீஸ் அடையாள அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி வைத்தோம். கெட்டிப் பிளாஸ்டிக், குரல் கணீரென்று நிற்கிறது. அட்டையில் இருந்த அவர் போட்டோவும் இப்போது பெட்டிக்குள் பதினேழு துண்டாக.

மூன்று நாளாக அண்ணி லீவு. சுருதி சேர்த்து விரல் நுனி தடித்துவிட்டது. சோதிக்க அந்த அறைக்குப் போகவில்லை. என் வீட்டு வாஷிங் மெஷின் மேல் வைத்து, துணி பிழியும் வேகத்தில் ஓடவிட்டோம். வீடே ஆடியது. பெட்டி வாய் திறக்கவில்லை. நான் தொட்டேன். பாடியது.

ஏப்ரல் 12, ஞாயிறு

ரிகர்சல் அறை. டிரம்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "தம்பி, உன் பலம் முழுக்கக் காட்டு" என்றேன். காட்டினான். பெட்டி கம்மென்று இருந்தது. அவன் முகம் வாடிப்போனது, பாவம்.

வாசித்து முடித்ததும் மாஸ்டர், "இது இருக்கட்டும்மா. இன்னிக்குப் பன்னெண்டாம் தேதி. கீபோர்டு வாசிப்பியா மாட்டியா, இப்பச் சொல்லு" என்றார்.

நான் இதை யோசிக்காமல் இல்லை. யோசித்ததை எழுதினால் நிஜமாகிவிடும் என்று இங்கேகூட எழுதாமல் இருந்தேன். கண்ணாடிக்காரர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று அவரே என் வீட்டுக்கு வந்து, "நீங்க திரும்பி வரணும்னு வேண்டிக்கறேங்க. வந்துட்டா என்ன பண்றதுன்னும் பயந்துட்டிருக்கேன்" என்று சொன்ன மனிதர்.

"கீபோர்டு அவர்கிட்டயே இருக்கட்டும் மாஸ்டர்" என்றேன்.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "இந்தப் பெட்டிக்குன்னு நான் எதுவும் எழுதலையேம்மா. உனக்கு எங்க இடம் வைக்கிறது? ஒரே ஒரு பாட்டு தரேன். நீயா எதையாவது வாசி. நின்னுச்சுன்னா பாக்கலாம்."

நிற்காவிட்டால்? அதை அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒரு பாட்டு. நான்கு நிமிடம். எட்டு நாளில் இருநூறு முறையாவது வாசித்திருப்பேன். பெரிய அரங்கத்தில் பெட்டி தோற்றால் நான் பதினெட்டு வருடக் கீபோர்டையும் விட்டவள், இதுவும் இல்லாதவள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. இருக்கட்டும். வாசிக்கிறேன்.

ஏப்ரல் 25, சனி

வாசித்தேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் மூன்றே சுரம், கடைசி சுரத்தை நீட்டிப் பிடித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த அடியை எடுக்காமல் அது தேயும்வரை நின்றாள். டிரம்ஸ் தம்பியும் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தான். எழுதி வைத்ததில் அந்த நிறுத்தம் இல்லை.

முடிந்ததும் மாஸ்டர் என்னைக் கடந்து போனார். ஒரு வார்த்தை இல்லை. புருவமும் தூக்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

போன் இல்லை.

மே 3, ஞாயிறு

அண்ணி வீட்டில், சமையலறை மேஜையில் பெட்டியைத் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் போன். நலமா கிலமா எதுவும் கேட்கவில்லை.

"உன் பெட்டியில ரொம்பக் கீழ இருக்கற சுரம் எதும்மா?"

சொன்னேன்.

"மேல?"

அதையும் சொன்னேன். பேனா கீறும் சத்தம் கேட்டது. எதற்கு மாஸ்டர் என்றேன்.

"எழுதிட்டிருக்கேன்ல? ஜூன் நிகழ்ச்சிக்கு அஞ்சு பாட்டு. தெரியாம எழுதிட்டு, அப்புறம் நீ வாசிக்க முடியாதுன்னு என்கிட்ட சண்டைக்கு வருவ." வைத்துவிட்டார்.

பதினெட்டு வருடத்தில் கீபோர்டைப் பற்றி இந்த மனிதர் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை. அது யார் வாசித்தாலும் ஒன்றுதானே. அண்ணியிடம் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணில் இருந்து கொட்டுகிறது, மூக்கும் சேர்ந்துகொண்டது.

அண்ணி சட்டென்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எஃகுடி அது, தண்ணி பட்டா துரு ஏறும். தள்ளி உக்காந்து அழு."

தள்ளி உட்கார்ந்து அழுதேன்.