வாசல் தூணில் ஒரு ஹோஸ் ரீல்

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன். கையில் புது ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. ஒரு வாய் எடுத்தால் சோற்றுக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது. நீ இருந்திருந்தால், "புளி போட்டுத் தேச்சுட்டு வாங்க, அப்பதான் சோறு" என்று தட்டை நகர்த்தி வைத்திருப்பாய். இன்றைக்கு அந்த வாசனையோடுதான் சாப்பிட்டேன். யார் கேட்கப்போகிறார்கள்.

ஹோஸ் ரீலை மாட்டிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை மாட்டினேன். முப்பது வருஷம் ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் ஒரு ரீலை இரண்டு தடவை மாட்டினான் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

ஒன்றரை வருஷமாக அந்தப் பெட்டி கிரைண்டருக்குப் பின்னால் பிரிக்காமலே கிடந்தது. ஏன் கிடந்தது என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரிலிருந்து வருகிற ஹோஸ் கார் ஷெட்டுத் தரை முழுக்கக் கிடக்கிறது, கால் தட்டுகிறது என்று நச்சரித்தது நீதான். மகள் கோயம்புத்தூரில் இருந்துகொண்டே ஆன்லைனில் போட்டு அனுப்பினாள். பத்து மீட்டர் ஹோஸ். இழுத்தால் வேண்டிய நீளத்துக்கு வந்து நிற்கும், வேலை முடிந்ததும் தானாகவே உள்ளே சுருண்டுகொள்ளும். போன வருஷப் பொங்கலுக்கு ஷெட்டுக்கு வெள்ளையடித்த கையோடு வந்து சேர்ந்தது. அன்றைக்கே மாட்டியிருக்கலாம். எங்கே மாட்டுவது என்பதில்தான் சண்டை வந்தது.

நான் உள்சுவர் மூலை என்றேன். கம்ப்ரஸர் அங்கேதான் இருக்கிறது, தனியாக லைன் இழுக்க வேண்டியதில்லை. நீ ஷெட்டின் வாசல் தூணைக் காட்டினாய். நான் டேப்பைத் தேடி எடுப்பதற்குள், கொடியில் காய்ந்த சேலைகளை உருவிக்கொண்டு வந்து, ஒரு நுனியைத் தூணில் செருகி, ரோட்டு ஓரம் வரைக்கும் விரித்துவிட்டாய். "பாருங்க, தூண்லேர்ந்துன்னா ஒன்னேகால் சேலை. மூலையிலேர்ந்துன்னா மூணு சேலையும் பத்தாது. வெளிய நிக்கிற வண்டிக்கு எப்புடி எட்டும்?" மீட்டரில் சொல்லு என்றேன். "ஒரு சேலை எத்தனை மீட்டருன்னு தெனம் கட்டுற எனக்குத் தெரியாதா?" என்றாய். டேப்பை வைத்துப் பார்த்தேன். உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

வெளியே நிற்கிற வண்டி. நம் வீட்டில் சண்டை என்றால் அதுவாகத்தான் இருந்தது. சிறுவாச்சூர்க் கோயிலில் நடை திறக்கிற திங்களும் வெள்ளியும் எந்தெந்த ஊரிலிருந்தோ வண்டிகள் வரும். அதில் ஒன்றிரண்டு, டயர் அமுங்கிப்போய் நம் ஷெட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போவாய். "எந்த ஊருங்க? கொழந்தைக்கு மொட்டையா? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க." காற்றுப் பிடிக்க இரண்டு நிமிஷம், பேச்சு இருபது நிமிஷம். காசு நீட்டினால் வாங்க மாட்டாய். மாவிளக்கு மாவை இலையில் வைத்துக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வாய். அந்த மாவைத் தின்னும்போது எனக்குக் கோபம் இருந்ததில்லை, மற்ற நேரமெல்லாம் இருந்தது. போதாக்குறைக்கு என்னையும் கூப்பிடுவாய். "ஏங்க, இவுங்க வண்டிக்கு எத்தனை வைக்கணும்னு செத்த வந்து சொல்லுங்க." எத்தனை வைக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். நான் வந்து எண்ணைச் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

அன்றைக்குச் சேலையை விரித்துக்கொண்டு நீ நின்றபோது சொன்னேன், "போறவன் வர்றவன் வண்டிக்கெல்லாம் காத்தடிக்கத்தான் கம்ப்ரஸர வாங்கி வச்சிருக்கனா? ஒனக்கு இதுல என்னா தெரியும்? போயி உள்ள வேலையப் பாரு." எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் இருந்தார்கள். மண் படாமல் சேலைகளைத் தூக்கி நிதானமாக மடித்தாய். "சரிங்க" என்றாய். அதற்குப் பிறகு அந்த ரீலைப் பற்றி உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நீ இன்னொரு தடவை கேட்டால் தூணிலேயே மாட்டிவிடலாம் என்று இருந்தேன். நானாகப் போய்ச் சொல்வதற்கு மட்டும் வீம்பு விடவில்லை. இந்தத் தையில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். அங்கே போய் ரீல் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்டேன். பத்தாம் நாள் நீ இல்லை.

ஷெட்டு ஷட்டரை இறக்கிவிட்டேன். திங்கள், வெள்ளியில் வாசலில் ஹாரன் அடிப்பார்கள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் ஹாரனும் நின்றுவிட்டது. மகள் தினமும் போன் செய்கிறாள், சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று. இரண்டுக்கும் ஆச்சு என்று சொன்னால் அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஷெட்டில் விழுந்தேன். நீ சொன்ன அதே ஹோஸ்தான், கால் தட்டிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. கார் டயருக்குப் பக்கத்தில் அப்படியே படுத்துக் கிடந்தேன். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோதுதான், யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது. பயமாக இருந்தது. மறுநாள் பெட்டியைப் பிரித்தேன்.

பிடிவாதம் அப்போதும் போகவில்லை. உள்சுவர் மூலையில்தான் மாட்டினேன். ரீல் நல்ல கனம். ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் ஓட்டைக்குக் குறி போட வேண்டும். வீட்டில் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நீதான் பிடிப்பாய், "கை கடுக்குதுங்க, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே. நான் அரிசி டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் ஸ்டூலைப் போட்டு, ரீலை அண்டக் கொடுத்துக் குறி போட்டேன். ஸ்டூல் நகர்ந்து ஒரு குறி தப்பிப்போனது. தப்பான ஓட்டை ஒன்று சுவரில் இன்னும் இருக்கிறது. ஒருவழியாக ஆங்கர் போல்ட்டை முடுக்கி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். கசிவு இல்லை. ஹோஸை இழுத்தால் டக் டக்கென்று வந்து நிற்கிறது. திரும்பப் போக ஒரு சின்ன இழுப்பு இழுத்து, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே ரீல் வரைக்கும் கூட நடக்க வேண்டும். முதல் தடவை அப்படியே விட்டுவிட்டேன். சீறிக்கொண்டு போய் பித்தளை நுனி கார் கதவில் அடித்துப் பள்ளம் விழுந்துவிட்டது.

நாலு டயருக்கும் காற்றுப் பிடித்தேன். ஸ்டெப்னிக்கும் பிடித்தேன். உன் ஸ்கூட்டருக்கும் பிடித்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. தரை சுத்தமாக இருந்தது, வெளியாள் ஒருவரும் இல்லை. நான் ஆசைப்பட்டது இதைத்தான். கம்ப்ரஸரை அணைத்ததும் ஷெட்டில் இருந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் திங்கள்கிழமை, ஷட்டர் திறந்திருப்பதைப் பார்த்து, கோயில் கடைகளுக்குத் தேங்காய் ஏற்றுகிற லோடு ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். உன்னை வாய் நிறைய அக்கா என்பாரே, அவர்தான். ஹோஸை இழுத்துப் பார்த்தார். காரைத் தாண்டவே இல்லை.

"மூலையில மாட்டிப்புட்டீங்களே மாமா. அக்கா தூண்லன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"ஒங்கிட்டயும் சொல்லிச்சா?"

"சொல்லாம? என் வண்டில காத்து கொறையலன்னாலும் வரச் சொல்லும் மாமா. 'வேலைய விட்டு வந்ததுலேர்ந்து அந்த மனுசன் யாருகிட்டயும் பேச மாட்டேங்குது. வந்து காத்து புடிக்கிற சாக்குல அவருகிட்ட எதாச்சும் கேட்டுட்டுப் போ'ன்னு சொல்லும். நீங்கதான் நிக்கவே மாட்டீங்களே."

ஊரான் வண்டிக்கு என்று நினைத்துக் கத்தினேன். நீ எனக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்மேல் கோபம்கூட வந்தது. சொல்லியிருந்தால் இன்னும் பெரிதாகக் கத்தியிருப்பேன், அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே கழற்றினோம். அவர் தூக்கிப் பிடித்தார், நான் குறி போட்டேன். பழைய ஹோஸைச் சுவரோரமாகக் கிளிப் அடித்து, கம்ப்ரஸரிலிருந்து தூண் வரைக்கும் லைனாகக் கொண்டுவந்தோம். இப்போது ரோட்டு ஓரத்துக்கும் எட்டுகிறது, உள்ளே நிற்கிற நம் காருக்கும் எட்டுகிறது.

இன்றைக்கு வெள்ளி. காலையில் ஆத்தூரிலிருந்து ஒரு கார் வந்தது. நம் வயதில் ஒரு கணவன் மனைவி. பின் டயர் ஒன்று அமுங்கியிருந்தது. ஹோஸை இழுத்துக்கொண்டு போனேன். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காற்று மீட்டரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். அந்தம்மாதான் நிழலில் நின்றுகொண்டு கேட்டார்.

"வூட்டம்மா இல்லீங்களா?"

"இல்லீங்க. தையில தவறிப்போச்சு."

இத்தனை மாதத்தில் என் வாயால் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. உறவுக்காரர்களுக்கெல்லாம் மகள்தான் போன் செய்தாள். அந்தம்மா "அடடா, என்னாங்க பண்ணுச்சு?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி, பொங்கல், நீ விரித்த சேலை, எதிர்வீட்டு ஆட்களுக்கு முன்னால் நான் கத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸ் விசையை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. அவர் வீட்டுக்காரர் குனிந்து, என் தோளில் மெதுவாகக் கை வைத்து, "ஐயா, நாப்பத்தஞ்சு ஆயிருச்சுங்க" என்றார்.

காற்றை இறக்கி முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை. அந்தம்மா காரில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். "நான் அப்புடிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்றேன், முன்பின் தெரியாத அவரிடம்.

உன்னிடம் சொல்ல எனக்கு முழுசாக ஒரு வருஷம் இருந்தது.