ஊசி நிற்கும் துணி

நண்ணா,

எங்கள் நூலகத்தில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான நினைவுக் கண்காட்சி நாளை திறக்கிறது. இறந்தவர் பெயரை அவரவர் வீட்டார் தைத்துத் தந்த துணிகளைச் சுவர் முழுக்க மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்னோடு ஒரே அறையில் இருந்த தையல்காரர் போன மாதம் இறந்துவிட்டாராம். நீ சொல்லவே இல்லை. அவருடைய அக்கா இன்று இரண்டு துணிகளோடு வந்தார். "ஒண்ணு தம்பி தனக்கே தைச்சுக்கிட்டதும்மா. இன்னொண்ணு யாருக்குன்னு தெரியல, பாதியில நிக்குது," என்றார்.

இரண்டாவதை விரித்தேன். நீல நூலில் 'நண்ணா' என்று இருந்தது. கீழே நீ பிறந்த வருஷம், பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் வெறுந்துணி. அதில் நூல் கோத்த ஊசி குத்தியபடியே நிற்கிறது.

'அண்ணா' சொல்ல வராத வயதில் நான் உளறிய பெயர் அது. வேறு யாருக்கு இருக்கும்?

"அதையும் மாட்டிடும்மா, யாராவது தேடி வருவாங்க," என்றார் நூலகர். தலையாட்டிவிட்டு, என் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடாது, தெரியும்.

போனில் எப்போது கேட்டாலும் "சும்மா சளிடீ" என்கிறாய். சளியாம் சளி! மழைக்காலம் போய் வெயிலும் வந்தாயிற்று.

நான் எதையும் கேட்கவில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம் என்று வாசல் பலகையில் என் கையால் எழுதியிருக்கிறேன். அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஊசியை நான் தொடவில்லை. நீயே வந்து உருவு.

உன் தங்கை