கேமராவைப் பார்த்தவர்

12.6.2006
அவர் எடுத்த படத்தை நான் சிடி கம்பெனிக்கு விற்றுவிட்டதாக நெய்யூர் முழுக்கப் பேச்சு. விற்கவில்லை. கேட்டார்கள், மறுத்தேன். என் வீட்டுக்காரர் ஜஸ்டஸ் எடுத்தது ஒரே படம். 1971இல் விநியோகஸ்தருக்குக் கொடுத்தது தியேட்டரில் ஓட்டும் உரிமை மட்டும். வீட்டில் போட்டுப் பார்க்கும் உரிமை தயாரித்தவருடையது; அவருக்குப் பிறகு என்னுடையது. விநியோகஸ்தரின் மகன் தன்னுடையது என்கிறானாம். அவன் அப்போது பிறக்கவே இல்லை!

15.6.2006
அவருடைய தங்கை கிரேசி, கன்னியாகுமரியில் ஒரு கடையிலிருந்து அந்தப் படத்தின் சிடியோடு வந்தாள். அட்டையில் வேறு ஏதோ படத்துக் கதாநாயகி.

"கள்ள சிடியாக்கும் மைனி. போலீசுல குடுக்கதுக்கு முன்ன ஒருக்கா பாத்துருவமா?"

கூடாது என்றேன். பார்த்தோம்.

வட்டக்கோட்டைக் காட்சி வந்தது. குடையோடு நடக்க வேண்டிய ஆள் படம் எடுத்த அன்று வரவில்லை. இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நேரே பார்த்து நடக்கச் சொன்னால், கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை.

"அண்ணன் ஆரப் பாத்து இப்பிடி இளிக்காரு?"

"அவருக்கு நடிக்கத் தெரியாது" என்றேன். கேமராவுக்குப் பின்னால் நான் நின்றதை இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

16.6.2006
இன்னொரு முறை போட்டேன். சரியாக அவர் திரும்பும் இடத்தில் சிடி நின்றுவிட்டது. துடைத்தேன். பயனில்லை.

19.6.2006
சென்னையிலிருந்து கம்பெனிக்காரர் அனில்குமார் மறுபடி போன் செய்தார். உரிமை என்னுடையதுதான் என்று அவர்கள் வக்கீலே சொல்லிவிட்டாராம்.

"லேப்ல நெகட்டிவ் இன்னும் கெடலை மேடம். கிளீன் பண்ணிப் புதுசா டிவிடி போட்டுடலாம். குடையோட ஒருத்தர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாரு பாருங்க, அந்தத் தப்பு ஷாட்டை மட்டும் தூக்கிடறோம்."

"அந்தத் தப்பு எனக்க மாப்பிளயாக்கும்!"

போனை வைத்துவிட்டேன் — நான் ஏன் அப்படிக் கத்தினேன்? நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்கள் கேட்டிருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள்.

20.6.2006
நெகட்டிவ் கெடவில்லை என்றாரே. அப்படியானால் முகம் தெளிவாகத் தெரியுமா?

22.6.2006
ஊர்ப்பேச்சை உண்மையாக்கப் போகிறேன். கிரேசி கேலி செய்வாள், செய்யட்டும். இன்று தபாலில் சேர்த்தது:

"ஐயா, என் கணவர் ஜஸ்டஸ் தயாரித்த படத்தின் வீடியோ உரிமையை உங்களுக்குத் தரச் சம்மதம். நிபந்தனை ஒன்றுதான். வட்டக்கோட்டையில் குடையோடு நடப்பவர் கேமராவைப் பார்க்கும் காட்சியில் ஒரு நொடிகூட வெட்டக் கூடாது. போனில் சொன்னால் போதாது. எழுத்தில் பதில் அனுப்பவும்."