என் வயல் வழியாக

கறம்பக்குடி,
காலை ஏழு மணி.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுக்கமாட்டாய். அதனால் அறுப்பு மிஷின் டிரைவர் அருள்தாஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தெற்கே மேகம் கூடிக்கொண்டு வருகிறது. கடைக்குள் உட்கார முடியாமல் வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உன் ஒரு ஏக்கர் நெல் முற்றிச் சாய ஆரம்பித்துவிட்டது. நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். கையால் அறுக்க ஆள் கிடையாது. மிஷின் உன் வயலுக்கு வர, என் வயலை விட்டால் வேறு வழியும் கிடையாது.

விதைக்கும்போதே நீ சொன்னாய்: "எல்லாரும் ஒரே ரகம் போடுவோம்டா. ஒன் வயலு பச்சையா நின்னா மிஷினு எங்கிட்டு வரும், பறந்தா வரும்?" நல்ல விலை போகும் என்று நான் ஆறு மாத நெல்லைத்தான் போட்டேன்; அன்றோடு நீ என்னிடம் பேச்சை நிறுத்தினாய். யாவாரி புத்தி. இன்னும் ஒரு மாதம் நிற்கவேண்டிய பயிர்.

இன்று மதியம் வண்டி தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடும். "பச்சைப் பயிர்ல ஏத்தச் சொல்ற மொத ஆளு நீங்கதாண்ணே" என்று அருள்தாஸ் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வண்டி என் பயிரை மிதித்துத் தாண்டி உன் வரப்பில் நிற்கும். வயிறு எரியத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன். நீ அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. முதலில் தார்ப்பாயை விரி.

என்னிடம் பேசவேண்டாம். நெல் வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் விடு. நான் எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் தம்பி