மாமனாருக்கு வாயெல்லாம் பல்

மார்ச் 4, செவ்வாய்

மாமனாருக்குப் பல் செட் மாட்டியாயிற்று. மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும் என் கைவேலை. ஊரில் பாதிப் பேர் என் லேபில் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். இவருக்கு மட்டும் அது இன்னமும் "அந்தப் பல்லு கடை". கடைசியில் அந்தக் கடைச் சரக்குதான் வாய்க்குள் போயிருக்கிறது.

வழக்கமாக டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். முதலில் மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்துப் பார்த்து, சரியென்றால்தான் கெட்டியாக வார்ப்போம். எங்கள் மகாராஜாவோ கிளினிக்குக்கு வரமாட்டாராம். அதனால் வீட்டிலேயே நான் அளவெடுத்தேன். மூக்குக்கும் தாடைக்கும் நடுவே ஸ்கேலைப் பிடித்தால், "ஆச்சா? எத்தன தடவ வாயத் தொறக்கறது?" என்று சிடுசிடுப்பு. மெழுகுப் பல்லோடு மறுபடி அவர் முன்னால் போய் நிற்க யாருக்குத் தெம்பிருக்கிறது? நேராக வார்த்துவிட்டேன்.

மாட்டியதும் சிரித்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னைப் பார்த்து முதல் சிரிப்பு. நன்றி என்று எடுத்துக்கொள்ளலாமா?

மார்ச் 5

காபி கொடுத்தேன், சிரித்தார். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அதற்கும் சிரித்தார். இது நன்றி இல்லை. நக்கல்.

மார்ச் 7

"அப்பா எவ்ளோ சந்தோஷமா இருக்காரு பாத்தியா?" என்கிறார் வீட்டுக்காரர். இவருக்கு யார் பல்லைக் காட்டினாலும் சந்தோஷம்தான். இவருடைய மேனேஜர் பல்லைக் காட்டிக் காட்டியே சம்பள உயர்வைத் தள்ளிப்போடுகிறார். அதையும் "நல்ல மனுஷன்" என்று வந்து சொல்கிற ஆள்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். அவர் சிரிப்புக்கு அர்த்தம் தேட வேண்டியதே இல்லை. வாசலில் சிரித்தால் வீட்டைப் பற்றிப் பேச்செடுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

அப்பாவின் பல்லைப் பார்த்தார். "நீயே செஞ்சியா? டாக்டர் கையால பண்ணியிருக்கலாமே" என்றார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்: "அப்பா, என்கூட வந்துடுறீங்களா? இந்த வீட்ட வித்துடலாம்."

மாமனார் சிரித்தார்.

"பாத்தியா, அப்பாவுக்கு என்ன சந்தோஷம்!" என்றார் நாத்தனார். வீட்டுக்காரர் பதறிப்போய், "அப்பா, நீங்க இங்கயேதான இருக்கீங்க?" என்றார். அதற்கும் அதே சிரிப்பு. அக்கா ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கிளம்பினார். தம்பி ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போனார். நல்ல குடும்பம்!

என் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இன்னும் அகலமாக இருந்தது. 'போறேன் பாரு' என்கிற மாதிரி. போகட்டுமே, எனக்கென்ன? ஆனா வீட்ட வித்துட்டா நாங்க எங்க போறது? அதக்கூட விடு — இத்தன வருஷம் பாத்துப் பாத்துச் செஞ்சதுக்கு இந்த இளிப்புதானா மிச்சம்?

நாத்தனார் அடுத்த ஞாயிறு காரோடு வருகிறாராம்.

மார்ச் 11

தட்டில் பாதி அப்படியே இருந்தது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து முழுங்குகிறார். என்ன வேணும் மாமா என்று கேட்டால் ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு. மகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு இப்போதே வயிற்றில் இடம் ஒதுக்குகிறாராக்கும்.

மார்ச் 14, வெள்ளி

லேபில் கரண்ட் இல்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமனார் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் சிரிப்பு.

தூங்குகிறவர் யாரை நக்கலடிப்பார்?

பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மேல்பல்லும் கீழ்பல்லும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. உதடு மட்டும் சேரவில்லை. பல் உயரம் அதிகம். இவர் சிடுசிடுத்தபோது வாய் திறந்திருந்ததல்லவா, அந்த நேரத்து அளவைத்தான் நான் குறித்துக்கொண்டிருக்கிறேன். மெழுகில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அட மண்டு!

எழுப்பினேன். "மாமா, வாய மூடுங்க."

"மூட முடியல. பேசினாலும் வலி."

செட்டைக் கழற்றச் சொன்னேன். ஈறெல்லாம் புண். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இத்தன நாளா ஏன் மாமா சொல்லல? கழட்டியாவது வெச்சிருக்கலாமே!"

பொக்கை வாயோடு முணுமுணுத்தார். "நீ செஞ்சது. கழட்டி வெச்சா என் பொண்ணு உன்னதான் பேசுவா. அவ வாய் உனக்குத் தெரியாதா?"

நான் நக்கல்னு நெனச்சேனே. நாள் பூரா வலிய மென்னுட்டு உக்காந்திருந்திருக்காரு. ஒவ்வொரு இளிப்புக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சேனே, பெரிய புத்திசாலி!

மார்ச் 15

கீழ் வரிசையை மெழுகில் புதிதாகப் பதித்து எடுத்துவந்தேன். வாயைத் திறக்கச் சொன்னபோதெல்லாம் திறந்தார். ஒரு சிடுசிடுப்பும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

காரோடு வந்துவிட்டார் நாத்தனார். அப்பா பல் இல்லாமல், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலாமாப்பா?"

"நான் வரல. வீட்டயும் விக்கல."

"போன வாரம் அப்படிச் சிரிச்சீங்களே!"

"நான் எங்க சிரிச்சேன்? பல்லு சிரிச்சுது."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. "அந்தப் பல்லு எங்க இப்போ?" என்று என்னைப் பார்த்தார். அளவு தப்பிவிட்டது என்று நானே சொல்ல வாயெடுத்தேன். மாமனார் முந்திக்கொண்டார்.

"வேல நடக்குது. எனக்கு வீட்டுலயே ஆள் இருக்கு, நீ கவலப்படாத."

வீட்டுக்காரர், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 20

புதுச் செட் மாட்டியாயிற்று. வாய் நன்றாக மூடுகிறது. முகம் பழையபடி உர்ரென்று ஆகிவிட்டது. ரொட்டியைக் கடித்தே தின்றார்.

காபி கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கர எங்க?" என்று ஒரு அதட்டல் போட்டார்.

அப்பாடா!

சர்க்கரை டப்பாவை எடுக்க உள்ளே வந்தேன். ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால், எனக்குத்தான் வாயெல்லாம் பல்.